ஏற்காட்டுக்கு ஒரு வரி

“வீட்டுல இருக்கிற மனுசன்கிட்ட ரெண்டு வார்த்தை பேச உனக்கு வாய் வராது, கண்ணுல பார்க்காத ஒருத்திக்கு டைப் அடிக்க மட்டும் பத்து விரலும் வரும்.” திருமலைசாமி இதைச் சமையலறை வாசலில் ஒரு தடவை சொன்னார், பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்று ஒரு தடவை சொன்னார், ஸ்கூட்டரை வெளியே தள்ளிக் கேட்டருகே நிறுத்தி, எதிர்வீட்டுக்காரர்கள் கேட்கட்டும் என்றே மூன்றாம் தடவையும் சொன்னார். மூன்றிலும் ஒரு சொல் மாறவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரே நோட்டை வைத்துக்கொண்டு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர் வேறெப்படிப் பேசுவார் என்று தமயந்தி நினைத்தாள், நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் விட்டாள், அதுதான் தப்பு, அதற்கப்புறம்தான் அவர் தேங்காய் பழத் தட்டை ஸ்கூட்டரின் முன்னால் டங்கென்று வைத்தார். “எங்கக்கா மகளுக்கு நிச்சயம், உப்புச் சர்க்கரை மாத்துறாங்க. தாய்மாமன் பொண்டாட்டி தட்டு எடுக்காம யாரு எடுப்பா?” “உங்க சித்தி வீட்டு மருமகளுங்க நாலு பேர் இருக்காங்களே, ஆளுக்கொரு தட்டு எடுத்தாலும் கை மிச்சம்.” “நாலரைக்கு ராகு காலம் பொறந்துரும், அதுக்குள்ள முடிச்சாகணும்.” “நாலு மணிக்கு ஆட்டோ பிடிச்சு வந்துடறேன்.” “அம்மாபேட்டைக்கு ஆட்டோவுல வந்து இறங்குறதுக்குள்ள அங்க எச்சிலையே எடுத்திருப்பாங்க,” என்று அவர் ஸ்கூட்டரை உதைத்தார், அது ஐந்தாவது உதைக்குத்தான் கிளம்பியது, அந்த நாலு உதைக்கும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், போக வேண்டியதுதானே என்று ஒரு பக்கம், போனால் இனி எப்போது என்று ஒரு பக்கம். புகை மட்டும் தெருவில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை. எதிர்வீட்டுச் சுசீலா ஜன்னல் திரையை மெல்ல விட்டாள். பார்த்துக்கோ, நல்லாப் பார்த்துக்கோ, தாய்மாமன் தனியாப் போறார்.

மாடி அறைக்கு ஏறும்போதே மூச்சு வாங்கியது. இந்த அறை மகன் கதிரேசனுடையது, அவன் சூரத்கல்லுக்கு எம்.டெக் படிக்கப் போய் ஒன்றரை வருஷமாகிறது. அவனுக்காக வாங்கின கம்ப்யூட்டர், அவன் போன பிறகு மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இப்போது அதன் பின்புறத்திலிருந்து ஒரு வயர் இறங்கித் தீப்பெட்டி அளவு மோடத்துக்கு வருகிறது, மோடத்திலிருந்து இன்னொன்று ரேடியோவுக்குப் போகிறது, ரேடியோவிலிருந்து தடித்த கறுப்பு வயர் ஜன்னல் கம்பி வழியாக மொட்டை மாடிக்கு ஏறி ஆன்டெனாவைப் பிடிக்கிறது. எல்லாம் அவளே செய்தது. அந்த மோடத்தைப் பற்றவைக்கும்போது சுட்டுக்கொண்ட இடம் கட்டைவிரலில் இன்னும் கறுப்பாக இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்தபோது, “இது என்ன, புது மிக்ஸிக்குச் சாமானா?” என்று அவர் கேட்டார், ஆமாம் என்று சொல்லியிருந்தால் சண்டையே இல்லை. மேஜை மேல் கடிதம். எடுத்துப் படிக்கத் தேவையில்லை, மனப்பாடம், இருந்தும் விரித்தாள். ஜெசிந்தாவின் கையெழுத்து, ஏற்காடு தபாலாபீஸில் இருபத்தெட்டு வருஷம் தந்தி எழுதின கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும், யாரும் எதையும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்பது போல. ‘குரல்வளையை எடுத்துவிட்டார்கள் தமா. கழுத்தில் ஒரு ஓட்டை, அதில்தான் மூச்சு. இனி மைக் பிடித்துப் பயனில்லை. அதனால் ரேடியோவோடு கம்ப்யூட்டரை மாட்டிவிட்டேன். இங்கே டைப் அடித்தால் மோடம் அதைச் சத்தமாக மாற்றும், ரேடியோ அனுப்பும், உன் பக்கத்தில் மோடம் திரும்ப எழுத்தாக்கும். வரி ஒழுங்காக வந்து சேர்ந்தால் வாங்கின மெஷினே ஒரு குட்டிச் சத்தம் போட்டு வந்தது என்று சொல்லிவிடும், சேராவிட்டால் அனுப்பின மெஷின் திரும்பத் திரும்ப அனுப்பும். தந்தியை விடப் பொறுமைசாலி. மோர்ஸில் பேசலாம், ஆனால் உனக்கு நான் ஒரு வார்த்தை அடித்து முடிப்பதற்குள் அடுத்த வார்த்தையை நீயே சொல்லிவிடுவாய். தினமும் மூணு முதல் நாலு வரை காத்திருப்பேன். மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும்தான், அன்றைக்கு நாலு மணிக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி. அப்புறம் எங்கே, எப்போது என்று எனக்கே தெரியாது. தம்பி ரேடியோவை இறக்கிவிடுவான், அவன் பெண்டாட்டிக்கு அந்த மேஜை வேண்டுமாம். நேரில் வராதே. பதினொரு வருஷம் பார்க்காமல் இருந்துவிட்டு இந்தக் கழுத்தையா பார்க்க வேண்டும்?’ இதுவரைக்கும் சரி. இதற்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. அந்த இடத்தில் தாளை மடித்துவிட்டாள். மடித்தாலும் அந்த வரி மடிப்புக்கு வெளியே வந்து நிற்கும், வேளை கெட்ட விருந்தாளி மாதிரி. ‘நீ சொன்னபடி உப்புத் தண்ணீர் மூணு மாசம் கொப்பளித்தேன், டாக்டர் சிரித்தார்.’ அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் பத்துச் சொல்லியிருப்பேன், தீர்ந்திருக்கும்.

ஜன்னலில் சேர்வராயன் மலை தெரிந்தது, மேலே பாதி மேகம். இருபது கொண்டை ஊசி வளைவு, அதற்குள் ஒரு ஆயுசு பேசியிருக்கிறார்கள், ஒரு தடவை பார்த்துக்கொண்டதில்லை. முதலில் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அப்புறம் அதுவே ஒரு வீம்பாகிவிட்டது. “நேர்ல பார்த்தா உனக்கு என் வயசு தெரிஞ்சிரும்,” என்பாள் ஜெசிந்தா. “எனக்கு உங்க பல்லு தெரிஞ்சிரும்,” என்பாள் இவள். மலர்க் கண்காட்சிக்கு அவரோடும் பையனோடும் இரண்டு முறை போனபோதும் தபாலாபீஸுக்குப் பின்னால் ஓட்டு வீட்டின் மேல் அந்த ஆன்டெனாவைப் பஸ்ஸிலிருந்தே பார்த்தாள், அதோ என்று வாய் வரைக்கும் வந்தது, இறங்கவில்லை. இறங்கியிருக்கலாம். ரோஜாவைப் பார்க்க இரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவள் நாலு எட்டு நடந்திருக்கலாம். எப்படித்தான் இந்த ரேடியோவுக்குள் வந்தோம்? கதிரேசன் பன்னிரண்டு வயதில் பொருட்காட்சியில் ஒரு ஹாம் ரேடியோ ஸ்டாலைப் பார்த்துவிட்டு, அம்மா, பரீட்சை எழுதினால் வீட்டிலிருந்தே ரேடியோவில் பேச லைசென்ஸ் தருவார்களாம் என்றான். துணைக்கு இவளும் படித்தாள். அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான், இவள் பாஸ் செய்தாள். மோர்ஸ் நிமிஷத்துக்கு ஐந்து வார்த்தை, பரீட்சைக்கு மட்டும், மறுநாளே மறந்தது. ஆனால் பேச்சு! பேச்சுக்கு அவளை யாரும் பரீட்சை வைக்க வேண்டியதில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஏழு வருஷம் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. சிஸ்டர் பெனடிக்டா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, “எனக்குக் கேட்கவில்லை, தமயந்தி, எனக்குக் கேட்கவில்லை,” என்று பிரம்பால் மேஜையைத் தட்டுவார்கள். அடிவயிற்றிலிருந்து எடு. வாயைத் திற. எல்லாரையும் எட்டு. எட்டினாள். கல்யாணமாகி வந்தபின் அந்தக் குரலுக்கு இந்த வீட்டில் இடமில்லை, மாமியார் காதைப் பொத்திக்கொண்டார், வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார், கடைசியில் மைக் கிடைத்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே அலைவரிசையில் ஏழு பேர் கூடுவார்கள், நாமக்கல் வக்கீல், ஆத்தூர் மின்வாரியக்காரர், இன்னும் மூன்று பேர், பெண்கள் இவர்கள் இருவர்தான். ஒருவர் பேசி முடித்து ஓவர் சொன்னால்தான் அடுத்தவர் பேசலாம். வீட்டில் இந்தச் சட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்தச் சட்டத்துக்குள்தான், போன ஆடி மாசம், ஜெசிந்தா கரகரவென்று ஏதோ மழை பற்றிச் சொல்லி முடித்ததும், இவள் பட்டனை அமுக்கி, ஆறு பேர் கேட்க, “ஜெசிந்தாக்கா, அது என்ன தொண்டையா தகர டப்பாவா? வெந்நீர்ல உப்பைப் போட்டுக் கொப்பளிச்சிட்டு அப்புறம் வாங்க, எங்க காது பாவம். ஓவர்,” என்றாள். வக்கீல் சிரித்தார். ஆத்தூர்க்காரர் அவருடைய முறையில் அதையே திரும்பச் சொல்லிச் சிரித்தார். ஜெசிந்தா தன் முறை வந்தபோது, “சரி மகராணி, உப்பு போடறேன். ஓவர்,” என்றாள். அந்தக் குரல்கூட இப்போது காதில் இருக்கிறது, கரகரப்புக்கு அடியில் ஒரு சிரிப்பு. அதற்கப்புறமும் விட்டாளா? ஆவணியில் ஒரு தடவை, “டப்பா இன்னும் நசுங்கலையா?” புரட்டாசியில் ஜெசிந்தா இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வந்தாள், “நடிக்கிறாங்க, மலை மேல குளிருக்குப் போர்த்திக்கிட்டுத் தூங்குறாங்க.” மூணு மாசம். ஒரு தொண்டை மூணு மாசம் கட்டியிருந்தால் டாக்டரிடம் போ என்று சொல்ல எட்டாம் வகுப்புப் படிப்பு போதாதா? சொல்லவில்லை. வேடிக்கையாக இருந்தது, ஆறு பேர் சிரித்தார்கள், அது போதுமாக இருந்தது. தபாலில் எழுதலாம் என்று நாலு கடிதம் ஆரம்பித்துக் கிழித்தாள். தபால் ரகசியம். சொன்னது ரகசியமாகவா சொன்னோம்? எந்த இடத்தில் வீசினோமோ அந்த இடத்திலேயே போய்ப் பொறுக்க வேண்டும், அதே அலைவரிசையில், எவன் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். மைக்கில் சொன்னால் பதில் சொல்ல அவளுக்குக் குரல் இல்லை, அதற்காகத்தான் இந்த வயர், இந்தச் சூடு, உப்புச் சர்க்கரைக்குப் போகாத இந்த ஞாயிற்றுக்கிழமை.

மூணு மணிக்கு மூணு நிமிஷம் இருக்கும்போதே ரேடியோ ‘பிர்ர்ப்’ என்றது, திரையில் ஒரு வரி வந்து விழுந்தது: ‘தமா, இருக்கிறேன்.’ ஆங்கில எழுத்தில் தமிழ். ஜெசிந்தாவின் மெஷின் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே இதை அனுப்பும்படி வைத்திருக்கிறாள். நாலு நாளாக இந்த வரியை இவள் பார்க்கிறாள், ஒவ்வொரு எழுத்தும் பழுதில்லாமல் வருகிறது, இங்கிருந்து போவதுதான் போய்ச் சேரவில்லை. இணைப்புக் கேட்டாள். ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. எட்டு விநாடி. மறுபடி விளக்கு. எட்டு விநாடி. மெஷின் பத்துத் தடவை கேட்டுவிட்டு, பதில் இல்லை என்று எழுதி நிறுத்திக்கொண்டது. மறுபடி. பத்து. பதில் இல்லை. மறுபடி. வியாழக்கிழமை ரேடியோவின் சக்தியை ஏற்றிப் பார்த்தாயிற்று, வெள்ளிக்கிழமை ஆன்டெனாவைக் குளித்த தலையோடு போய்த் திருப்பியாயிற்று, மோடத்தில் சத்தத்துக்கென்று இருக்கிற திருகை முதல் நாளே கடைசி வரைக்கும் முடுக்கியாயிற்று, இதற்கு மேல் என்ன செய்ய, மொட்டை மாடியில் நின்று கத்தவா? ‘தமா, இருக்கிறேன்.’ இருங்கள், இருங்கள், எனக்கு மட்டும் என்ன வேலை, அம்மாபேட்டையில் எல்லாரும் என் பெயரைத்தான் மென்றுகொண்டிருப்பார்கள். மூணே கால். பதில் இல்லை. ஒருவேளை அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறதோ, கேட்டும் பதில் போட மனமில்லையோ? இந்த நினைப்பு நாலு நாளாக ஓரத்தில் நின்றது, இன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டது. சீ, மெஷின் பதில் போடுவதற்கு மனம் எதற்கு? கீழே டெலிபோன் அடித்தது. கதிரேசனாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை. செருப்பில்லாமல் ஓடினாள். கதிரேசன் இல்லை, நாத்தனார்.

“என்ன கண்ணு, வயித்து வலின்னு தம்பி சொன்னான்?”

வயிற்று வலியா. அட, அவரா சொன்னார்? “ஆமாங்க அண்ணி.”

“வயித்து வலிக்காரி மாடிப்படி ஓடி வந்து போன் எடுத்தா மூச்சு இப்படித்தான் வாங்குமா?”

“அண்ணி, முகூர்த்த நேரத்துல எனக்கு எதுக்குங்க போன் பண்றீங்க, சம்பந்தி வீட்டைக் கவனிங்க.”

“அவங்கதான் கேக்குறாங்க, அத்தைக்காரி எங்கன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்? ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கான்னு சொல்லட்டுமா?”

“கேக்கல அண்ணி. பேசத்தான் பார்க்குறேன், போகமாட்டேங்குது.”

“உன் பேச்சா போகல? நீ சமையக்கட்டுல பேசினா எங்க வீட்டுக் கொடித் துணி ஆடும், அம்மா. வாயை மூடிக்கிட்டு வண்டி ஏறி வா,” என்று வைத்துவிட்டார்.

ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள். கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை, அந்த இடத்தில் வேறு ஏதோ மாட்டிக்கொண்டு நின்றது. கொடித் துணி ஆடும். இத்தனை வருஷம் காற்றில் பேசியிருக்கிறாள், தான் அனுப்புவது வெளியே எப்படிக் கேட்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாளா? யாரும் கேட்பதில்லை, பேசும்போது ரேடியோவின் காது அடைத்துக்கொள்ளும், அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. இன்னொரு ரேடியோ வேண்டும். அலமாரியில் கை ரேடியோ ஒன்று உண்டு. அதை எடுத்து, மேலே போய்க் கணினியை மறுபடி இணைப்புக் கேட்கச் சொல்லிவிட்டு, திரும்ப இறங்கி, பக்கத்தில் இருந்தால் செவிடாகிவிடும் என்று அதன் ஆன்டெனாவையும் கழற்றி, சமையலறையில் கிரைண்டர் மேல் வைத்தாள். எட்டு விநாடி. ‘க்ராஆஆக்.’ அய்யோ. இதுவா? ‘க்ராஆஆக்.’ பழம்புடவையை நடுவில் பிடித்துக் கிழிப்பது போல, ஓரமெல்லாம் பிசிறு. ஆன்டெனாவைத் திரும்ப மாட்டிக் காத்திருந்தாள், இரண்டு நிமிஷத்தில் ஜெசிந்தாவின் வரி வந்தது, ‘பிர்ர்ப்’, நறுக்கென்று, அளவாக, தந்தி ஆபீஸ்க்காரியின் சத்தம். அவ்வளவு சின்னச் சத்தத்தில்தான் பெயர், விலாசம், ‘இருக்கிறேன்’ எல்லாம் அடங்கியிருக்கிறது. இவளுடையது மலை முழுக்கக் கேட்டிருக்கும், கேட்டவர்களுக்கு இரைச்சல். அதிகமாகப் போனால் மோடத்துக்கு எழுத்து எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடும் என்று கடிதத்தோடு வந்த வயர் படத்தின் ஓரத்தில் ஒரு வரி இருந்ததோ? இருந்தது. இருக்கிறது. ‘சத்தத் திருகைப் பாதிக்கு மேல் ஏற்றாதே.’ படித்தாள், படிக்காமல் இல்லை, பாதியாவது ஒன்றாவது என்று தாண்டிப் போய்விட்டாள். எனக்குக் கேட்கவில்லை, தமயந்தி. சிஸ்டர், உங்களால்தான். இல்லை, செத்துப் போன சிஸ்டர் என்ன செய்வார்கள். அவர்கள் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஜெசிந்தா என் காதுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

படி ஏறினாள், சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகைக் கால் சுற்று இறக்கினாள், படி இறங்கினாள், கேட்டாள், இன்னும் பிசிறு. ஏறினாள். முழங்கால் முனகியது. இறக்கினாள். இறங்கினாள். நாலாவது தடவை கிரைண்டர் மேலிருந்து ‘பிர்ர்ப்’ என்று ஒரு சத்தம் வந்தது, இது ஜெசிந்தாவா நானா என்று ஒரு கணம் தெரியவில்லை, அவ்வளவு அடக்கமாக இருந்தது, உடனே தொடுத்தாற்போல் இன்னொரு ‘பிர்ர்ப்’ வந்தது. இரண்டு. இரண்டு சத்தம். இரண்டு இரண்டு படியாகத் தாவினாள், நாற்பத்தொன்பது வயதில். திரையில், இணைந்தது என்று இருந்தது. மணி மூணு நாற்பத்தாறு.

‘வந்துட்டியா மகராணி,’ என்று எழுத்து ஒவ்வொன்றாக இல்லாமல் ஒரே வரியாக விழுந்தது. ‘நாலு நாளா ரேடியோ கிழியுற மாதிரி யாரோ கத்துறாங்க. நீதான்னு தெரியும். மெஷினுக்குத்தான் தெரியல.’

‘குறைச்சேன்,’ என்று அடித்தாள்.

‘நீயா? குறைச்சியா? தேதி எழுதி வெச்சுக்கறேன்.’

‘எழுதிக்குங்க. சாப்பிட்டீங்களா?’

‘குழாயில கஞ்சி. நாக்கு இருக்கு, மூக்கு வேலை செய்யலை. மூச்சு அந்த வழியா வரலை இல்ல? காபித் தோட்டத்து நடுவுல உக்காந்திருக்கேன், பூ பூத்திருக்கு, வாசனை தெரியலை தமா. அது ஒண்ணுதான் கஷ்டம். பேச்சு போனதுகூடப் பரவாயில்லை, என் தம்பி பொண்டாட்டிக்கு அதுல சந்தோஷம்.’

‘அவ மூக்கையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்கணும்,’ என்று அடித்து அனுப்பிவிட்டாள். சிரிப்பு எழுத்தில் எப்படி வரும்? ‘சிரிச்சா கழுத்து ஓட்டையில விசில் அடிக்குது, சிரிக்க வைக்காதே,’ என்று வந்தது. இதோ இதுதான். இப்படித்தான் பதினொரு வருஷம். இதையே அடித்துக்கொண்டு போனால் நாலு மணி ஆகிவிடும், ஒன்றும் சொல்லாமலே வண்டி வந்துவிடும், எவ்வளவு சுகமாக இருக்கும். மூணு ஐம்பத்திரண்டு. ‘அக்கா,’ என்று அடித்தாள். அழித்தாள். இது ஒரு விநோதமான யந்திரம், அடித்ததை அனுப்பும் வரைக்கும் யாருக்கும் தெரியாது, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மைக்கில் அப்படி இல்லை, பட்டனை அமுக்கினால் போயிற்று. இந்த வசதி ஆடி மாசம் எங்கே இருந்தது? ‘உப்பு’ என்று அடித்தாள், அழித்தாள். ‘நான் ஒண்ணு சொல்லணும்.’ அழித்தாள். பத்து விரலும் வரும் என்று சொன்னாரே, பாருங்கள், ஒரு விரலும் வரவில்லை. ‘என்ன தமா, போயிட்டியா?’ என்று அங்கிருந்து வந்தது. ‘இருக்கேன்.’ ‘தம்பி வயரைச் சுத்த வந்து பக்கத்துல நிக்கிறான். காலண்டரைப் பார்க்குற மாதிரி என் மூஞ்சியைப் பார்க்குறான். ஜீப் சத்தம் வேற கேக்குது. உனக்கு ஏதாவது சொல்லணுமா? உன் சத்தத்துல இருந்தே தெரிஞ்சுது, நாலு நாளா ஏதோ சொல்லணும்னு கத்தியிருக்கே.’ மூணு ஐம்பத்தெட்டு. மூச்சை இழுத்தாள், அடிவயிற்றிலிருந்து அல்ல, மேலாக, திருடி மாதிரி. அடித்தாள், பிழை பார்க்கவில்லை. ‘அக்கா உப்புத் தண்ணி சொன்னது நான். டாக்டர்கிட்டப் போங்கன்னு ஒரு தடவை சொல்லலை. மூணு மாசம் எல்லார் முன்னாலயும் கேலி பண்ணினேன். அந்த மூணு மாசம் என்னால போச்சு. மன்னிச்சிருங்க.’ அனுப்பும் விசையின் மேல் விரல் நின்றது. அனுப்பினாள்.

சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. போயிற்று. உடனே அங்கிருந்து ஒரு குட்டிச் சத்தம் வந்தது, கண் சிமிட்டும் நேரம்தான், வரி வந்து சேர்ந்தது என்று ஜெசிந்தாவின் மெஷின் சொல்கிற சத்தம். சேர்ந்துவிட்டது. ஒரு எழுத்து சிந்தாமல் சேர்ந்துவிட்டது. இப்போது அவள் திரையில் அது இருக்கிறது. படிக்கிறாள். கண்ணாடியைத் தேடுகிறாள், கண்ணாடி போடுவாளா, அதுகூடத் தெரியாதே. படித்து முடித்திருப்பாள். பதில் அடிக்கிறாள், நீளமான பதில், தந்திக்காரிக்கு நீளமாக எழுதி வழக்கமில்லை, யோசிக்கிறாள். நாலு மணி. நாலு ஒன்று. அல்லது அந்த வரி போய் விழுந்தபோது நாற்காலி காலியாக இருந்ததா? ஜீப் வந்துவிட்டது, தம்பி தோளைத் தொட்டான், எழுந்துவிட்டாள், திரையில் இது வந்தபோது அவள் முதுகுதான் இந்தப் பக்கம் இருந்தது. மெஷினுக்கென்ன, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும். அல்லது படித்தாள். படித்துவிட்டு எழுந்தாள். அதுவும் ஒரு பதில்தானே? அது எந்தப் பதில்? ‘படிச்சீங்களா?’ என்று அனுப்பினாள். குட்டிச் சத்தம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. நாலு நாலு. வரியை யாராவது அழித்திருப்பார்களா, தம்பி படித்துவிட்டு, இது யாரடா என்று, சொல்லாமலே வயரைப் பிடுங்க ஆரம்பித்திருப்பானா, பிடுங்கியிருந்தால் குட்டிச் சத்தம் வராதே, வருகிறதே, அப்படியானால் மேஜை இன்னும் காலியாகவில்லை, மெஷின் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, அந்த அறையில் பச்சை எழுத்தில் மன்னிச்சிருங்க என்று எரிந்துகொண்டிருக்கிறது, ஆளில்லாத அறையில், அல்லது ஆள் இருக்கிற அறையில். ‘அக்கா?’ குட்டிச் சத்தம். இந்தக் குட்டிச் சத்தத்தைப் போல ஒரு கொடுமை உண்டா, வாசல் கதவைத் திறந்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் நிற்கிற வேலைக்காரியைப் போல. அம்மாபேட்டையில் இந்நேரம் மாற்றி முடித்திருப்பார்கள், தட்டை யாரோ எடுத்திருப்பார்கள், வயிற்று வலி என்று அவர் எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது கிளம்பினாலும் பந்திக்குப் போய்விடலாம். எழுந்திருக்கவில்லை. ஜீப் கிளம்பியிருந்தால் இந்நேரம் நாலாவது வளைவு, ஐந்தாவது வளைவு. கிளம்பாமலும் இருக்கலாம், பெட்டி ஏற்ற நேரமாகும், கம்பளி, மருந்து, கழுத்துக்குச் சுற்றுகிற துணி. நாலு பன்னிரண்டு. மோடத்திலிருந்து ரேடியோவுக்கு வந்த வயரைக் கழற்றினாள், அந்தத் துளையில் மைக்கைச் செருகினாள். அங்கே ரேடியோவின் ஸ்பீக்கர் திறந்திருந்தால் குரல் கேட்கும். பட்டனை அமுக்கினாள். என்ன சத்தத்தில் பேசுவது என்று தெரியவில்லை, இத்தனை வயசுக்கு முதல் தடவையாகத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவரை எழுப்பாமல் எழுப்புகிற மாதிரி, வாயை மைக்குக்கு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“அக்கா, தமயந்தி பேசறேன். நீங்க பேச வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். திட்டணும்னா அப்புறம் திட்டுங்க. அங்க இருந்தீங்கன்னா, அந்த வரியைப் படிச்சிருந்தீங்கன்னா, மைக்கைச் செருகிப் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கி விடுங்க, எனக்கு இங்க கேக்கும். ஓவர்,” என்று சொல்லி விரலை எடுத்தாள். இரைச்சல் மாறாமல் அப்படியே இருந்தது. நூறு வரை எண்ணினாள், கான்வென்டில் எண்ணின மாதிரி ஆங்கிலத்தில். மறுபடி அமுக்கினாள். “ஒரு தடவை, அக்கா. ஓவர்.”